மூன்று கழுத்துகள், ஒரு கீறல்

ஆஸ்ட்ரிட்டின் கன்னத்தில் இருந்த கீறலை முதலில் கண்டவள் நான்தான்.

இடது காதடியில் தொடங்கி நாடி வரைக்கும் சிவப்பாக ஓடியது. இரத்தம் வடியவில்லை. ஆனால் தொண்ணூறைத் தாண்டிய தோல் வெங்காயச் சருகு மாதிரி. தொட்டாலே கிழியும். காலைச் சாப்பாட்டுத் தட்டோடு கதவடியிலேயே நின்றுவிட்டேன். ஆஸ்ட்ரிட் என்னைப் பார்த்துச் சிரித்தார். கீறியது யார் என்று சொல்ல அவருக்கு நினைவு நிற்காது.

சற்று முன்தான் நாங்கள் மூன்று பேர் அவரைக் கழுவித் துடைத்து, புரட்டி, விரிப்பு மாற்றிவிட்டுப் போயிருந்தோம். யாழ்ப்பாணத்தாளான நான், சோமாலிக்காரி ஹோதான், தமிழ்நாட்டுப் பிள்ளை கல்பனா. ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லம். இரண்டாயிரத்துக்குப் பிறகான ஏதோ ஒரு குளிர்காலம். ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது என்பது மட்டும் நல்ல ஞாபகம்.

நான் மருந்து எடுத்து வருவதற்குள் ஆஸ்ட்ரிட்டின் மகள் வந்துவிட்டார். தாயின் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேரே எங்கள் பொறுப்பாளர் பெரிட்டின் அறைக்குப் போனார். அதற்கு அவர் என்னை ஏசியிருக்கலாம்.

மத்தியானத்துக்குள் தீர்ப்பு தயார். கீறியது ஹோதானின் தலைத்துணியில் குத்தியிருக்கும் ஊசிதான். யாரும் ஊசியைக் காணவில்லை. ஆனால் தலைத்துணி என்றால் ஊசி இருக்கத்தானே வேண்டும்!

அந்தக் கிழமைதான் ஹோதானின் நிரந்தர வேலையை முடிவு செய்வதாக இருந்தது. வருடக்கணக்காக ‘விக்கார்’ என்ற பெயரில், யாராவது காய்ச்சலில் படுத்தால் கூப்பிடும் ஆளாக ஓடித் திரிந்தவள். புருசன் மொகடிஷுவில் செத்துப்போனான். இரண்டு பெண் பிள்ளைகளோடு ஹொல்ம்லியாவில் இருந்தாள். நிரந்தர வேலை கிடைத்தால்தான் அவள் நிம்மதியாகப் படுத்து எழும்பலாம். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொல்கிறேன் என்றார் பெரிட்.

கெட்டிக்காரர் என்றொரு பட்டம்

போன கிழமை இந்தப் பத்தியில் என் முதல் பனிக்காலத்தைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: “அக்கா, நோர்வேக்காரர் உங்களை நல்லா நடத்தினவையோ?”

நல்லாத்தான் நடத்தினார்கள். பிரச்சினையே அதுதான், பிள்ளை.

தமிழர் என்றால் ‘ஃப்ளிங்க்’ என்பார்கள். கெட்டிக்காரர், வேலைகாரர், வாய் காட்டாதவர் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். மீன் தொழிற்சாலையிலும் சமையலறையிலும் எங்கள் ஆட்கள் முதுகு முறிய உழைத்து வாங்கிய பட்டம். எனக்கும் அதில் பெருமை இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பெரிட் என் தோளில் தட்டி அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய கண் ஹோதானின் பக்கம் போகும். எனக்குத் தட்டின தட்டு அவளுக்குக் குட்டு.

கல்பனா வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. புருசன் கம்பியூட்டர் வேலைக்கு வந்தவன். ஒப்பந்தம் முடியப்போகிறது, இவள் வேலையும் போனால் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று பயந்துகொண்டிருந்த பிள்ளை. முதல் நாளே என்னிடம் கேட்டாள்:

“அக்கா, நீங்க மலையாளமா?”

“போடி விசரி. நான் கதைக்கிறதுதான் தமிழ். நீ கதைக்கிறது இங்கிலீசு.”

“சரி, நீங்க எப்படிக்கா இங்க வந்தீங்க?”

எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் அப்படிக் கேட்பதில்லை. எந்தக் காட்டைக் கடந்து, எந்த லொறியில் கிடந்து வந்தோம் என்பது வாய்க்குள்ளேயே கிடக்கிற சங்கதி. “பிளேனிலைதான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஹோதான் அதை என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் அவளிடம் கேட்டதில்லை. கேட்காமலே விளங்கும் இடங்கள் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தன.

நாங்கள் இருவரும் கதைத்தது உடைந்த நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில். ஆனால் ஹோதானின் பேச்சை என் காது யாழ்ப்பாணத் தமிழில்தான் சேர்த்து வைத்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

பின்னால் வந்த காவலாளி

கீறலுக்கு முந்தின ஒரு லீவு நாளில் மூன்று பேரும் ஸ்ட்ரோம்மனில் உள்ள பெரிய கடைத்தொகுதிக்குச் சப்பாத்து வாங்கப் போனோம். ஒரு கடைக்குள் நுழைந்ததிலிருந்து காவலாளிப் பொடியன் எங்களுக்குப் பின்னாலேயே வந்தான். நாங்கள் நின்றால் நின்றான். நடந்தால் நடந்தான்.

கல்பனா என் காதுக்குள் சொன்னாள்: “அக்கா, இந்தக் கடைல சர்வீஸ் சூப்பர். அந்தத் தம்பி நம்ம கூடவே வர்றாரு பாருங்க.” சொன்னதோடு நிற்காமல் திரும்பி அவனிடமே, “இதில் முப்பத்தேழு சைஸ் இருக்கா?” என்று இங்கிலீசில் கேட்டாள். அவன் முகம் தக்காளியாகப் போயிற்று. ஹோதான் சப்பாத்து அடுக்கிய தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது ஹோதான் சொன்னாள்: “அவன் எனக்குப் பின்னாலைதான் வந்தவன். நீங்கள் ரெண்டு பேரும் என்னோடை வந்த குற்றத்துக்கு மாட்டுப்பட்டனீங்கள்.”

“விசர்க் கதை கதையாதை. மூண்டு பேருக்கும் பின்னாலைதான் வந்தவன்.”

“நான் இல்லாமல் ஒருக்கால் போய்ப் பார்.”

போய்ப் பார்த்தேன். பிறிதொரு நாள் நானும் கல்பனாவும் மட்டும் அதே கடைக்குப் போனோம். ஒருவரும் பின்னால் வரவில்லை. அதை நான் ஹோதானிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததை நான் போய்ச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

உடுப்பு மாற்றும் அறையில்

கீறல் விழுந்த மறுநாள் காலை, உடுப்பு மாற்றும் அறையில் நானும் கல்பனாவும் மட்டும் இருந்தோம். அவள் வேலைச் சட்டையைத் தலைவழியே இழுத்தாள். கழுத்தில் இருந்த தாலிச்சங்கிலி வெளியே வந்து ஆடியது. அதில் தாலியோடு சேர்த்து நாலைந்து ஊக்குகள் கொத்தாகத் தொங்கின. ஒன்று வாய் திறந்து கிடந்தது.

திறந்து கிடந்த ஊக்கைத் தொட்டுக் காட்டினேன்.

“அடியே, நேற்றும் இது இப்பிடித்தான் கிடந்ததோ?”

அவள் குனிந்து பார்த்தாள். கையால் பொத்திக்கொண்டாள். நேற்றுக் காலை நானும் ஹோதானும் ஆஸ்ட்ரிட்டை ஒரு பக்கமாகப் பிடித்திருக்க, அவர் முகத்துக்கு மேலாகக் குனிந்து விரிப்பை இழுத்தவள் இவள்தான்.

“அக்கா, நான் வேணும்னு பண்ணலக்கா. எனக்கே தெரியாதுக்கா.”

“ஆர் வேணுமெண்டு செய்தனி எண்டது? போய்ச் சொல்லு.”

“சொன்னா வேலை போயிடும். அவரு கான்ட்ராக்ட் வேற முடியுது. ஹோதான் எப்படியாவது சமாளிச்சுக்குவாங்க. இந்த ஊர்ல எனக்கு யாருக்கா இருக்கா, உங்களை விட்டா?”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அவளுக்கு அறைய வேண்டும்போலவும் இருந்தது. அணைக்க வேண்டும்போலவும் இருந்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழுத்தில் எதுவும் போடக்கூடாது என்பது அந்த இடத்தின் விதி. என் சட்டைக்குள்ளும் தாலிக்கொடி கிடந்தது. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் கொடியைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு நல்லநாள் பெருநாளுக்கு மட்டும் எடுப்பார்கள். நான் அந்த வகை இல்லை. கட்டின நாளிலிருந்து கழற்றியதில்லை. வேலைக்கு வரும்போது உள்ளாடையோடு சேர்த்து ஓர் ஊக்கால் இறுக்கிக் குத்திவிடுவேன். அது அசையாது, ஆடாது, வெளியே தெரியாது. நோர்வேக்காரர் சட்டைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. தலையைத்தான் பார்ப்பார்கள்.

காட்டிக் கொடுக்கிறது

அன்று பின்னேரம் வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் பஸ் ஓட்டுகிறவர். எதையும் நிதானமாகக் கேட்பார். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“தமிழ்ப் பிள்ளையைக் காட்டிக் குடுத்தவள் எண்டு பேர் எடுக்கப் போறியே?”

காட்டிக் கொடுக்கிறது. எங்கள் ஆட்களுக்கு இது சாதாரணச் சொல் இல்லை. ஊரில் இராணுவத்துக்கு முன்னால் முகத்தை மூடி நின்று தலையாட்டினவர்களால் எத்தனை பிள்ளைகள் திரும்பி வராமல் போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

“அப்ப ஹோதான்ரை வேலை போகட்டும் எண்டுறியளோ?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை. ஆனா ஹோதான் உனக்கு ஆர்?”

கல்பனா என்னை அக்கா என்கிறாள், அதனால் தங்கச்சி. ஹோதான் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அக்காவுமில்லை, மச்சாளுமில்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்று உடுப்பு மாற்றுகிறவளுக்குத் தமிழில் என்ன முறை? அன்றைக்கு எனக்கு என் மேலும் கோபம், இவர் மேலும் கோபம், அந்த ஊக்கின் மேலும் கோபம். அடுப்பில் வைத்த பருப்பை அடிப்பிடிக்க விட்டேன்.

பெரிட்டின் அறையில்

வெள்ளிக்கிழமை மூன்று பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார் பெரிட். மேசையில் மெழுகுதிரி எரிந்தது. கோப்பியும் இருந்தது. நோர்வேயில் கெட்ட செய்தியை மெழுகுதிரி கொளுத்தித்தான் சொல்வார்கள்.

“நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை” என்று தொடங்கினார். எனக்கு உடனே விளங்கிவிட்டது, குற்றம் ஹோதானுக்குத்தான்.

“தலைத்துணி உன் உரிமை, ஹோதான். ஆனால் ஊசி ஆபத்து. குடும்பம் கோபமாக இருக்கிறது. இந்த நிலையில் நிரந்தர வேலை பற்றி நான் எப்படி முடிவெடுக்க முடியும்?”

“என்னட்டை ஊசி இல்லை” என்றாள் ஹோதான். “போன கிழமையும் சொன்னனான். முந்தியும் சொன்னனான்.”

பெரிட் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“சாந்தி, நீ சொல்லேன். உங்கள் பெண்களும் எவ்வளவு நகை போடுகிறவர்கள்! ஆனால் வேலைக்கு வரும்போது கழற்றி வைத்துவிட்டு வருகிறீர்கள். ஒரு சண்டை இல்லை, ஒரு சச்சரவு இல்லை. அது முடியும் என்று ஹோதானுக்கு எடுத்துச் சொல்.”

கல்பனா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹோதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அவளுக்கு எதிராகப் பேச வைக்கப் பார்க்கிறாள் இந்தப் பெரிட் மனுசி! என்னை என்னவென்று நினைத்துவிட்டாள்?

சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன். உள்ளே கைவிட்டு ஊக்கைத் திறந்து கொடியை வெளியே இழுத்துப் போட்டேன். மேசை விளிம்பில் தட்டிச் சத்தம் கேட்டது.

பெரிட்டுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. “எவ்வளவு காலமாக இது?”

“வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து.”

“ஏன் சொல்லவில்லை?”

“நீங்கள் கேட்கவில்லை. அவளிடம் மட்டும்தான் கேட்டீர்கள்.” கொடியைக் கையில் தூக்கிக் காட்டினேன். “இதிலும் ஊக்கு இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கட்டிலடியில் நானும் நின்றேன். கேட்கிறதென்றால் மூன்று கழுத்தையும் கேளுங்கள்.”

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. கல்பனாவின் பக்கம் திரும்பவுமில்லை. ஆனால் அவள் விம்மினாள். அழுதபடியே சங்கிலியை வெளியே எடுத்தாள். ஊக்குகள் கலகலத்தன.

“நான்தான்” என்றாள் இங்கிலீசில். “நான்தான் குனிஞ்சேன். அவங்க இல்ல.”

பெரிட் அந்தக் கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். கோபத்தைவிடக் குழப்பம்தான் அந்த முகத்தில் இருந்தது. “இது உங்கள் கல்யாண நகை அல்லவா? இதில் எதற்கு ஊசிகள்?”

நானும் கல்பனாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். இதை எப்படி விளக்குவது? பஸ்ஸில் ஒருத்திக்குச் சட்டைக் கொக்கி அறுந்தால் பக்கத்திலிருப்பவளின் கை தன் கழுத்துக்குத்தான் போகும். சென்னையானாலும் சரி, சுன்னாகமானாலும் சரி. என் அம்மாவின் கொடியிலும் இரண்டு கிடந்தன. புருசனின் ஆயுளையும் அவசரத்துக்கு ஓர் ஊக்கையும் ஒரே சங்கிலியில் கொழுவித் திரிகிற சனம் நாங்கள் என்று நொஸ்க்கில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

“சேலைக்கு” என்றாள் கல்பனா.

“இங்கே நீ சேலை கட்டுவதில்லையே?”

“இல்ல.”

ஹோதான் எழும்பினாள். தலைத்துணியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, நாடிக்குக் கீழே சுற்றிவரக் காட்டினாள். தைத்த துணி. தலைவழியே போடுகிறது. ஓர் ஊசி கிடையாது. “இப்ப பாருங்கோ” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பெரிட் கெட்ட மனுசி இல்லை. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டார். ஹோதானுக்கு வேலை நிரந்தரம் என்றார். கல்பனாவை ஆஸ்ட்ரிட்டின் மகளிடம் கூட்டிப் போய்ப் பேசினார், வேலையை விட்டு நிறுத்தவில்லை. கடைசியாக என்னைப் பார்த்துச் சொன்னார்: “இனி எல்லோருக்கும் ஒரே விதி. தைத்த தலைத்துணி போடலாம். கழுத்தில் ஒன்றும் கூடாது, சட்டைக்குள்ளும் கூடாது. திங்கட்கிழமையிலிருந்து.”

ஹவுகெட்டோ வரைக்கும்

நானும் ஹோதானும் ஒரே ரயிலில்தான் வீடு போவோம். நான் ஹவுகெட்டோவில் இறங்குவேன். அவள் அடுத்த தரிப்பான ஹொல்ம்லியாவில்.

நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன். ஏன் மறைக்க வேண்டும்? நான் எதிர்பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். இரண்டு மூன்று தரிப்பு போன பிறகு கேட்டாள்:

“முதல் நாளிலை இருந்தோ?”

“ஓம்.”

“நான் ஒவ்வொரு கிழமையும் இந்தத் துணிக்குப் பதில் சொன்னன். இது தைச்சது, ஊசி இல்லை எண்டு சொல்லி எத்தினை தரம் கெஞ்சினன். நீ எனக்குப் பக்கத்திலை நிண்டு உடுப்பு மாத்தினனி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் இண்டைக்கு வாய் திறக்காட்டி உனக்கு வேலை இல்லை. தெரியுமோ?”

“தெரியும். அதுதான் கோபம்.” குரலை உயர்த்தவே இல்லை அவள். “நான் நூறு தரம் சொன்னதை ஒருத்தரும் கேக்கேல்லை. நீ ஒருக்கால் சொன்னாய். உடனை கேட்டவை.”

ரயில் நின்றது. நான் போய்வாறன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கினேன். சனியும் ஞாயிறும் மனதுக்குள் அவளோடு சண்டை பிடித்தேன். நன்றி சொல்லியிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். மற்றதெல்லாம் அவள் சொன்னது சரிதான்.

திங்கட்கிழமை

வீட்டிலேயே கழற்றிவிட்டு வந்திருக்கலாம். இவருக்கு முன்னால் கழற்ற மனம் வரவில்லை. உடுப்பு மாற்றும் அறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கழுத்துக்குப் பின்னால் கை வைத்தேன். இத்தனை வருடமாகத் திறக்காத கொழுக்கி இறுகிப் போயிருந்தது.

கல்பனா தன் சங்கிலியை எப்போதோ கழற்றிக் கைப்பையில் வைத்துவிட்டாள். அவளிடம் கேட்டேன்.

“அய்யோ அக்கா, நான் மாட்டேன்!” என்று இரண்டடி பின்னால் போனாள். “என் கையால வேணாம். தப்பா நினைச்சுக்காதீங்க.” சொல்லிவிட்டு வெளியே ஓடிவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. என் சின்னம்மாவின் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். செல் குண்டு விழுந்து சித்தப்பா செத்த அன்றைக்கு. கழற்றியது எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டில் இருந்த, அதற்கு முன்பே புருசனை இழந்த ஒரு பெண். சுமங்கலியின் கை அதைத் தொடாது.

கதவைத் திறந்துகொண்டு ஹோதான் வந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. என் கை இருந்த இடத்தைப் பார்த்தாள்.

“திரும்பு” என்றாள்.

அவளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. வேண்டாம், நீ புருசனை இழந்தவள் என்று அவள் முகத்துக்கு நேரே எந்த வாயால் சொல்வேன்? சொல்லாமல் விட்டால் இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பைத்தியக்கார நினைப்பு என்று தெரிகிறது. தெரிந்தும் அது போகிறதில்லை. என்ரை அம்மாளாச்சி, நீதான் துணை என்று திரும்பி நின்றேன்.

குளிரில் வந்த விரல்கள். கொழுக்கியோடு கொஞ்சநேரம் மல்லுக்கட்டினாள். பிறகு கழுத்திலிருந்த பாரம் போயிற்று. கொடியைக் கீழே விழவிடாமல் பிடித்து, என் கையைத் திருப்பி உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

நான் தொலைபேசியை எடுத்தேன். இவர் பஸ் தரிப்பிடத்தில் இருக்கிற நேரம்.

“இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்?”

“தேத்தண்ணி குடிக்கிறன். ஏன், என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை. சும்மா.”

“வேலை நேரத்திலை ஆரும் சும்மா எடுக்கிறதே?”

“சும்மா எண்டுறன். வையுங்கோ.”

ஹோதானுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“உன்ரை மனுசனோ?”

“ஓம்.”

“சுகமா இருக்கிறாரோ?”

“ஓம். தேத்தண்ணி குடிக்கிறாராம்.”

அவள் தன் தலைத்துணியை நாடிக்குக் கீழே இழுத்துச் சரிசெய்தாள்.

“வெள்ளிக்கிழமை பெரிட் வேலை நிரந்தரம் எண்டு சொன்னவுடனை நானும் போனைக் கையிலை எடுத்தனான்” என்றாள். “எடுத்த பிறகுதான் நினைவு வந்தது, அவர் இல்லையெண்டு.”